ஃபைட்டர் மீனுக்கு நோயா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஃபைட்டர் மீன்கள் பிளாஸ்டிக் டம்ளருக்கு ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். "இதுக்கு டேங்க்கும் வேணாம், மோட்டாரும் வேணாம். இந்த டப்பாவே போதும்" என்பார் கடைக்காரர். நம்பி வாங்கிப் போகிறவர் சில வாரங்களில், அடியில் படுத்துக் கிடக்கும் மீனுக்கு மருந்து தேடி அதே கடைக்கு வருகிறார். பெரும்பாலும் அந்த மீனுக்கு முதலில் வேண்டியது மருந்தல்ல, நல்ல தண்ணீர்.

டம்ளரில் என்ன கெடுகிறது?

தாய்லாந்தின் நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் இனம் இது. 2019இல் அந்நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. செவுள் போக, மேலே வந்து நேரடியாகக் காற்றை இழுக்கும் துணை உறுப்பும் இதற்கு உண்டு. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிப்பது அதனால்தான். ஆனால் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் வரும் அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு காப்பாற்றாது. தண்ணீர் குறைவாக இருந்தால் அம்மோனியா வேகமாக ஏறி, செவுளை அரித்து, எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். சாகாமல் இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு.

நோயை எப்படி அறிவது?

• துடுப்பு ஓரம் கறுத்தோ வெளுத்தோ கிழிந்து, நாளுக்கு நாள் குறைந்தால் துடுப்பு அழுகல்.
• உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஒட்டுண்ணி நோய்.
• விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பொன்துகள் போல மினுங்கினால் வெல்வெட் நோய்.
• மேலிருந்து பார்க்கும்போது வயிறு உப்பி, செதில்கள் விரிந்து நின்றால் உள்ளுறுப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. இதிலிருந்து மீள்வது அரிது.

சின்ன டப்பாவில் சிகிச்சை

சிகிச்சைக்கு மட்டும், சில நாட்களுக்கு, 4 அல்லது 5 லிட்டர் டப்பா போதும். மருந்தை அளந்து போடவும், மீனைக் கிட்டத்தில் கவனிக்கவும் வசதி. ஆனால் ஃபில்டர் இல்லாததால் தினமும் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும்.

குழாய்த் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஆன்டி குளோரின் சொட்டு கலந்த பிறகே ஊற்றுங்கள். புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். 25 முதல் 28 டிகிரி நல்லது. ஏசி அறையிலும் மார்கழி இரவிலும் சூடு இறங்கிவிடும், தெர்மாமீட்டர் வையுங்கள். மீன் துள்ளி விழும் என்பதால் காற்றோட்டமுள்ள மூடி அவசியம்.

ஆரம்பநிலைத் துடுப்பு அழுகலுக்கு, அயோடின் சேராத உப்பை 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தனியே கரைத்து ஊற்றலாம். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அதே அளவு. 10 நாளைக்கு மேல் வேண்டாம். வெள்ளைப் புள்ளிக்குக் கடை மருந்தை லேபிளில் உள்ளபடி கொடுங்கள். ஒட்டுண்ணி தோலை விட்டு நீரில் நீந்தும் பருவத்தில்தான் மருந்துக்குச் சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

மெடிக்கல் ஷாப் டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துப் போடுவது பலரது பழக்கம். அளவும் தெரியாது, கிருமியும் தெரியாது. மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றும் மைக்கோபாக்டீரியா உண்டு. நோயுற்ற மீனை ஏரியிலோ குளத்திலோ விடவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதரல்லாத எந்த உயிரும். மீனும் அதில் அடக்கம். அசைய இடமில்லாத கலத்தில் அடைத்து வைப்பது பிரிவு 11இன்படி குற்றம். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதும் அப்படியே. முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதற்காகப் புகாரைக் கைவிட வேண்டியதில்லை. தேதியுள்ள புகைப்படத்துடன் காவல் நிலையத்திலோ மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திலோ எழுத்தில் கொடுங்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதால் தாமதம் வேண்டாம்.

வாங்கும்போதே

கடைக்காரரை இரை போடச் சொல்லி, மீன் பாய்ந்து தின்கிறதா என்று பாருங்கள். துடுப்பு ஒட்டிக் கிடந்தால் விட்டுவிடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். நோயுள்ள மீனை நல்ல மீன் என்று விற்றதாகத் தோன்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிட அந்தப் பில்தான் ஆதாரம். மீனுக்கு முன்னால் 15, 20 லிட்டர் தொட்டியும் ஃபில்டரும் வாங்கி, சில வாரம் ஓடவிட்டு, நன்மை செய்யும் பாக்டீரியா வளர்ந்த பிறகு மீனைக் கொண்டுவந்தால், மேலே சொன்ன சிகிச்சைகளில் பெரும்பாலானவை தேவைப்படாமலே போகும்.