முந்த இடம் உண்டா?

நுழையும்முன்

ஒடுக்கமான தெருவில் ஒரு வண்டி மற்றொரு வண்டியை முந்துவது எளிதன்று என்பதை நகரத்தில் வாழ்வோர் அறிவர். அத்தகைய தெருவே பந்தயத்தடமாக மாறினால் என்ன நிகழும்? முந்துவதற்கு வேகம் மட்டும் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

சாலையின் இரண்டு அகலங்கள்

மும்பை தாராவியில் 90 அடிச் சாலை, 60 அடிச் சாலை என இரண்டு சாலைகள் உள்ளன. அகலத்தையே பெயராகக் கொண்டவை அவை. 90 அடி என்பது ஏறத்தாழ 27 மீட்டர். 60 அடி என்பது ஏறத்தாழ 18 மீட்டர். ஆயினும், ஓரங்களில் நிறுத்தப்பட்ட வண்டிகளும் கடைகளும் கைவண்டிகளும் போக எஞ்சிய இடத்தில்தான் போக்குவரத்து நடைபெறுகிறது. எனவே, சாலையின் பெயர் சொல்லும் அகலம் வேறு. ஓட்டுநருக்குப் பயன்படும் அகலம் வேறு. இந்த வேறுபாடே தெருப் பந்தயங்களைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் ஆகும்.

உலகப் புகழ்பெற்ற தெருப் பந்தயம் ஐரோப்பாவின் மொனாக்கோ நாட்டில் நடைபெறுவது. 1929ஆம் ஆண்டு தொடங்கிய அப்பந்தயம், மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் சாலைகளிலேயே இன்றும் நடத்தப்படுகிறது. 2010ஆம் ஆண்டுப் பந்தயத்தில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் பங்கேற்றார். பந்தயம் முடியச் சில சுற்றுகளே எஞ்சியிருந்தபோது, லா ராஸ்காஸ் என்னும் குறுகிய வளைவில் அவரை முந்த முயன்றார் இத்தாலிய ஓட்டுநர் யார்னோ ட்ருல்லி. அங்கே இரண்டு கார்களுக்கு இடமில்லை. ட்ருல்லியின் கார் சந்தோக்கின் கார்மீது ஏறி, அவர் தலைக்கு மிக அருகில் கடந்து சென்றது. நல்வாய்ப்பாக இருவருக்கும் காயமில்லை. ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ என்னும் வலிய வளைசட்டம் அக்காலத்தில் இல்லை. 2018ஆம் ஆண்டில்தான் அது ஃபார்முலா 1 கார்களில் கட்டாயமாக்கப்பட்டது.

முந்துதல் ஏன் கடினமாகிறது?

முதற்காரணம், காரின் அளவு. 2017 முதல் 2025 வரை ஃபார்முலா 1 காரின் அகலம் 2 மீட்டர். அதற்கு முந்தைய விதிப்படி 1.8 மீட்டர். 2008இல் ஓட்டுநருடன் சேர்த்து 605 கிலோவாக இருந்த குறைந்தபட்ச எடை, 2025இல் 800 கிலோவாக உயர்ந்தது. கார்கள் பெருத்தன, தெருக்கள் பெருக்கவில்லை.

இரண்டாவது காரணம், காற்று. பந்தயக் காரின் முன்னும் பின்னும் இறக்கைகள் உள்ளன. விமானத்தின் இறக்கை அதனை மேலே தூக்கும். பந்தயக் காரின் இறக்கையோ அதனைத் தரையோடு அழுத்தும். இவ்வழுத்தத்தால்தான் கார் வளைவுகளிலும் வழுக்காமல் விரைகிறது. முன்செல்லும் கார் காற்றைக் கலக்கிவிடுவதால், நெருங்கிப் பின்தொடரும் காரின் இறக்கைக்குச் சீரான காற்று கிட்டுவதில்லை. அழுத்தம் குறைய, டயரின் பிடிப்பும் குறைகிறது. ஆகவே, வளைவுகளில் பின்னவர் சற்று விலகியே வரவேண்டியுள்ளது. நேர்ச்சாலையிலோ நிலைமை தலைகீழ். முன்செல்லும் கார் காற்றைக் கிழித்து வழியமைப்பதால், பின்வரும் காருக்குத் தடை குறைந்து வேகம் கூடுகிறது.

மூன்றாவது காரணம், பிரேக். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 83 மீட்டர் கடக்கிறது. பின்னவர் முன்னவரைவிடச் சற்றுத் தாமதமாக பிரேக்கை அழுத்தி, வளைவின் உட்புறம் நுழைவதே முந்துதலின் பொதுவான முறை. வேகத்தைக் குறைக்க நீண்ட தூரம் தேவைப்பட்டால் இதற்கு வாய்ப்பு மிகுதி. இன்றைய பிரேக்குகளோ மிகக் குறுகிய தூரத்திலேயே வேகத்தை அடக்கிவிடுகின்றன.

மேலும், வளைவை விரைந்து கடக்க ஏற்ற வழி ஒன்றே ஒன்றுதான்: வெளிப்புறத்தில் நுழைந்து, உட்புறத்தைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறம் அடைவது. அவ்வழியை முன்னவர் பிடித்துக்கொண்டால், எஞ்சிய இடம் சாலையாக இருந்தும் பயன்படும் அகலம் ஆவதில்லை.

ஒரே ஆண்டு, இரண்டு நகரங்கள்

அப்படியாயின், தெருப் பந்தயங்களில் முந்தவே முடியாதா? 2024ஆம் ஆண்டின் இரண்டு பந்தயங்கள் இதற்கு விடை தருகின்றன.

மே மாதம் மொனாக்கோவில் சார்ல் லெக்லேர் முதலிடத்திலும் ஆஸ்கார் பியாஸ்ட்ரி இரண்டாம் இடத்திலும் புறப்பட்டனர். 78 சுற்றுகளுக்குப் பின்னும் அவ்வரிசை மாறவில்லை. முதற்சுற்றிலேயே விபத்தால் பந்தயம் நிறுத்தப்பட்டபோது பலரும் டயர்களை மாற்றிக்கொண்டனர். அதனால், முன்னணியில் இருந்தோர் மீண்டும் நிற்க வேண்டிய தேவை எழவில்லை. முதற்பத்து இடங்களில் புறப்பட்ட அனைவரும் அதே வரிசையில் முடித்தனர். ஃபார்முலா 1 வரலாற்றில் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை.

செப்டம்பர் மாதம், அசர்பைஜான் நாட்டின் தலைநகரான பாக்கூவின் தெருக்களிலும் அவ்விருவரே முதலிரு இடங்களில் புறப்பட்டனர். 20ஆம் சுற்றில், நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் உள்ள முதல் வளைவின் உட்புறம் பாய்ந்து, லெக்லேரை முந்தினார் பியாஸ்ட்ரி. பந்தயத்திலும் அவரே வென்றார்.

ஓட்டுநர்கள் அவர்களே, ஆண்டும் அதுவே. மாறியது தெருவின் அமைப்பு. வியப்பு யாதெனில், பாக்கூவின் பழைய கோட்டையருகே தடத்தின் அகலம் 7.6 மீட்டர்தான். அது தாராவியின் 60 அடிச் சாலையில் பாதிகூட இல்லை. ஆயினும் அதே தடத்தில், ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர் தூரம் வேகம் குறைக்காமல் செல்லும் பகுதியும் உண்டு. அதன் முடிவில் கூரிய வளைவும் உண்டு. அங்கே காற்றும் பின்னவருக்குத் துணைநிற்கிறது. பிரேக் பிடிக்கவும் இடம் கிடைக்கிறது.

சென்னையில் நிகழ்ந்தது

2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இந்தியாவின் முதல் இரவுநேரத் தெருக் கார் பந்தயம் நடைபெற்றது. முந்தைய ஆண்டு டிசம்பரில் நடைபெறவிருந்த அது, மிக்ஜாம் புயலால் தள்ளிவைக்கப்பட்டது. அண்ணா சாலை, கொடிமரச் சாலை, சிவானந்தா சாலை ஆகியவற்றில் மின்னொளி பாய்ச்சப்பட்டது.

மூன்று தடங்களையும் பின்வருமாறு ஒப்பிடலாம்:

மொனாக்கோ: 3.337 கிலோமீட்டர், 19 வளைவுகள். சராசரியாக 176 மீட்டருக்கு ஒரு வளைவு.
சென்னை: 3.5 கிலோமீட்டர், 19 வளைவுகள். சராசரியாக 184 மீட்டருக்கு ஒரு வளைவு.
பாக்கூ: 6.003 கிலோமீட்டர், 20 வளைவுகள். சராசரியாக 300 மீட்டருக்கு ஒரு வளைவு.

இக்கணக்கின்படி சென்னைத் தடம் மொனாக்கோவை ஒத்தது. ஆனால், அங்கு ஓடியவை ஃபார்முலா 1 கார்கள் அல்ல. ஃபார்முலா 4 போன்ற சிறிய கார்களே அங்கு ஓடின. அளவு சிறிதாயின் அதே தெருவில் பயன்படும் அகலம் பெரிதாகும். இறக்கையின் அழுத்தத்தை அவை பெரிதும் நம்பியிராததால், கலங்கிய காற்றால் அவற்றுக்கு நேரும் இழப்பும் குறைவு.

விதி மாறினால் போதுமா?

2025இல் மொனாக்கோவில் மட்டும், ஒவ்வோர் ஓட்டுநரும் குறைந்தது இருமுறை டயர் மாற்றவேண்டும் என விதி வகுத்தனர். அவ்வாண்டும் முதல் நான்கு இடங்களில் புறப்பட்டவர்கள் அதே வரிசையிலேயே முடித்தனர். சில அணிகள் ஓர் ஓட்டுநரை வேண்டுமென்றே மெதுவாகச் செல்லவைத்து, தம் அணியின் மற்றவருக்கு இடைவெளி உண்டாக்கின. நிற்கும் எண்ணிக்கையை விதி கூட்டியதேயன்றி, முந்தும் இடத்தைக் கூட்டவில்லை. 2026ஆம் ஆண்டு விதிகளோ காரையே மாற்றின: அகலம் 1.9 மீட்டராகவும், குறைந்தபட்ச எடை 768 கிலோவாகவும் குறைக்கப்பட்டன.

ஆகவே, ஒடுக்கமான தெருத்தடங்களிலும் முந்த முடியும். அதற்கு, தடம் முழுவதும் அகலமாக இருக்கவேண்டும் என்பதில்லை. நீண்ட நேர்ச்சாலை ஒன்றும், அதன் முடிவில் வேகத்தை அடக்கும் வளைவு ஒன்றும், அத்தெருவுக்கு ஏற்ற அளவுள்ள காரும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் வலிந்து முந்தினால் என்ன நேரும் என்பதை லா ராஸ்காஸ் வளைவு காட்டியது. அங்கு ஓடியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். சாலையும் மக்களுக்கு மூடப்பட்டிருந்தது. மக்கள் நடமாடும் சாலையிலோ, இடம் உண்டா என்று பார்த்த பின்னரே முந்த நினைக்கவேண்டும்.

சொற்பொருள்

ஒடுக்கம் – குறுகிய தன்மை
எஞ்சிய – மீதமுள்ள
வலிந்து – கட்டாயப்படுத்தி
திறவுகோல் – சாவி

சிந்தித்து எழுதுக

1. சாலையின் அகலம், பயன்படும் அகலம் – வேறுபாடு யாது?
2. காற்று, பின்வரும் காருக்கு எங்கே துணையாகிறது? எங்கே இடையூறாகிறது?
3. பியாஸ்ட்ரி மொனாக்கோவில் முந்தாமைக்கும் பாக்கூவில் முந்தியமைக்கும் காரணங்கள் யாவை?
4. மாட்டுங்கா, செம்பூர், தாராவி அல்லது நீங்கள் வாழும் பகுதியில் உள்ள சாலை ஒன்றைப் பெரியவர் ஒருவருடன் நடைபாதையில் நின்று உற்றுநோக்குக. அதன் பயன்படும் அகலத்தைக் குறைப்பவை எவை எனப் பட்டியலிடுக.