வண்டின் சிறகும் பண்டைக் காலநிலையும்

காலநிலை என்பது என்றும் ஒரே தன்மையாய் நிலைத்து நிற்பதன்று. இற்றைக்கு ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் வட ஐரோப்பாவின் பெரும்பகுதி பனிக்கட்டிப் படலத்தின் கீழ்க் கிடந்தது. கடல்மட்டம் இன்றுள்ளதிலும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. இலங்கையும் தென்னிந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. வெப்பமானியோ பதினேழாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. அதற்கு முற்பட்ட காலத்து வெப்பத்தையும் குளிரையும் அறிய விழைவோர், எழுத்தில்லாத சான்றுகளையே நாடுதல் வேண்டும். மரத்தின் ஆண்டு வளையம், துருவப் பனிக்கட்டியுள் அடைபட்ட காற்று, ஏரிச் சேற்றிற் படிந்த மகரந்தம் என்பன பலருங் கேள்வியுற்ற சான்றுகள். சேற்றில் அகப்பட்டு மாண்ட வண்டின் சிறகும் அவ்வகைச் சான்றேயாம். அச்சிறகுகளின் பட்டியலைக்கொண்டு பண்டை வெப்பநிலையைக் கணிக்கும் கணினி மென்பொருளும் ஆக்கப்பட்டுளது. அம்முறை யாது, அதன் வலிமை எங்குள்ளது, நமது நாட்டின் மழையை ஆராய்வதற்கு அது எவ்வாறு உதவக்கூடும் என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

பூச்சிகள் பலவற்றுள்ளும் வண்டு சிறப்பிடம் பெறுதற்குக் காரணம் அதன் உடலமைப்பே. நம்மூர்ச் சிறுவர் நெருப்புப் பெட்டியில் அடைத்து வளர்க்கும் பொன்வண்டையேனும், கல்முனைக் கரையோரத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டையேனும் பார்த்தவர்க்கு, அதன் முதுகை மூடிநிற்கும் வன்மையான மேற்சிறகு இரண்டும் நினைவிருக்கும். அவை கைற்றின் என்னும் பொருளாலானவை. நீர் தேங்கி, காற்றுப் புகாது கிடக்கும் சதுப்பினுள் இப்பொருள் எளிதில் அழிவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் சில சிறகுகள் தம் நிறமும் மினுக்கமும் மாறாது வெளிவருகின்றன. தலை, மார்பு, சிறகு ஆகிய உறுப்புகளின் மேலுள்ள குழிகளையும் வரிகளையுங்கொண்டு, அது இன்ன இனத்தது என நுண்ணோக்கியின் துணையாற் காணலாம்.

இவற்றைச் சேற்றினின்றும் பிரித்தெடுக்கும் முறை மிக எளியது. பல கிலோகிராம் நிறையுள்ள சதுப்பு மண்ணை, மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த கண்ணுடைய அரிதட்டிலிட்டுக் கழுவுவர். எஞ்சிய சக்கையோடு மண்ணெண்ணெயைக் கலந்து பிசைந்து, பின் நீரை ஊற்றுவர். பூச்சியின் மெழுகுத்தன்மையான தோலில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆதலால் அதன் துண்டுகள் மேலே மிதக்க, இலைதழைச் சிதைவுகளின் பெரும்பகுதி அடியில் தங்கும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் செய்துகாட்டத்தக்க பரிசோதனை இது.

இத்துறைக்கு உயிரூட்டியவர் இங்கிலாந்தின் பேமிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரசல் கூப் என்னும் அறிஞராவர். 1930இற் பிறந்து 2011இல் மறைந்த இவர், புவிச்சரிதவியலாளராயிருந்தும் வாழ்நாள் முழுவதையும் வண்டுகளோடு கழித்தார். ஊஸ்டர்சயரிலுள்ள அப்ரன் வொரன் என்னுமிடத்துச் சரளைக் குழியொன்றில், பனிக்காலத்து விலங்குகளின் எலும்புகளோடு பூச்சிகளின் எச்சங்களும் மிகுதியாய்க் கிடைத்தன. ஷொற்றன், ஸ்ற்றாகன் என்போரோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்து 1961இற் கூப் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிகளால் வியப்பான ஓர் உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் நடுவே, குறுகிய காலத்துக்கு இங்கிலாந்தின் கோடை இன்றைய கோடையைப் போன்று வெப்பமாயிருந்தது என வண்டுகள் கூறின. மகரந்தமோ மரமற்ற வெறும் புல்வெளியையே காட்டியது.

இவ்விரு சான்றுகளுள் எது மெய்? இரண்டும் மெய்யே என்பது கூப்பின் விடை. வண்டு பறந்தும் ஊர்ந்தும் வெப்பத்தைப் பின்தொடர்ந்து விரைவில் வந்து சேரும். மரமோ வித்து விழுந்து, முளைத்து, காய்த்து, மீண்டும் வித்துதிர்த்துத் தலைமுறை தலைமுறையாகவே நடந்து வரல் வேண்டும். மரங்கள் வந்துசேரு முன்னரே அந்த இளவெப்பக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே காலநிலை திடீரென மாறிய வேளைகளை அறிதற்கு மரத்திலும் வண்டே நம்பத்தக்க சாட்சி என அவர் வாதித்தார். காலநிலை அவ்வளவு விரைவாய் மாறக்கூடுமோ என்ற ஐயம் பலர்க்கு இருந்தது. 1990களின் தொடக்கத்திற் கிறீன்லாந்தின் பனிக்கட்டியைத் துளைத்தெடுத்த ஆய்வுகள், ஒரு மனிதன் வாழ்நாளுக்குள்ளேயே பல பாகை மாற்றம் நிகழ்ந்ததுண்டெனக் காட்டிய பின்னர் அவ்வையம் பெரிதும் நீங்கிற்று.

இம்முறை முழுவதும் ஓர் எடுகோளின்மேல் நிற்கிறது. கடந்த சில இலட்சம் ஆண்டுகளில் வண்டினங்கள் பெரும்பாலும் உருமாறவில்லை. காலநிலை மாறியபோது அவை தாம் மாறாது, தமக்கேற்ற இடத்தை நாடிப் பெயர்ந்தன என்பதே அது. இதற்குக் கூப் காட்டிய சான்றுகளுள் அபோடியசு ஹோல்டெரெரி என்னும் சாண வண்டு பெரும்புகழ் பெற்றது. கடைசிப் பனிக்காலத்து இங்கிலாந்துப் படிவுகளில் இவ்வினம் மிகுதியாய்க் கிடைக்கிறது. இன்று அது உயிரோடு வாழ்வதோ திபெத்தின் உயர் மேட்டுநிலத்தில்! 1973இல் அவர் இதனை வெளியிட்டார். ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் ஐரோப்பிய வண்டுகளை மட்டுமே ஒப்புநோக்கியிருப்பின், இதனை அழிந்துபோன இனமெனக் கருதி விட்டிருப்பர். ஆசியாவில் எவரோ ஒருவர் முன்னரே அதனைச் சேகரித்து, இடத்தையுங் குறித்து வைத்திருந்தமையாலன்றோ உண்மை தெரிந்தது?

இனிக் கணிப்பு முறைக்கு வருவோம். அற்கின்சன், பிரிஃபா, கூப் ஆகிய மூவரும் 1987இல் 'நேச்சர்' இதழில், கடந்த 22,000 ஆண்டுகளுக்குரிய பிரித்தானிய வெப்பநிலையை வண்டெச்சங்களைக்கொண்டு வரைந்து காட்டினர். அவர்கள் கையாண்ட முறையைப் பொதுக் காலநிலை வீச்சு முறை எனலாம். அதன் கருத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கற்பித்துக் கொண்டவை. ஒரே சேற்றடுக்கில் மூன்று வண்டினங்கள் கிடைத்தன எனக் கொள்வோம். முதலாவது இனம் இன்று வாழும் இடங்களில் மிக வெப்பமான மாதத்தின் சராசரி வெப்பநிலை 9 தொடக்கம் 16 பாகை செல்சியசு. இரண்டாவதற்கு 12 தொடக்கம் 20. மூன்றாவதற்கு 7 தொடக்கம் 14. மூன்றும் ஒருங்கே வாழத்தக்க வெப்பநிலை 12க்கும் 14க்கும் இடைப்பட்டதன்றி வேறில்லை. அச்சேறு படிந்த காலத்துக் கோடையின் வெப்பமும் அதுவே.

மெய்யான கணிப்பில் இரண்டு அச்சுகள் உள. ஒன்று மிக வெப்பமான மாதத்தின் சராசரி. மற்றது அதற்கும் மிகக் குளிரான மாதத்திற்கும் உள்ள வேறுபாடு. இவ்விரண்டாலும் ஆகிய வரைபடத் தளத்தில் ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு பரப்பு உண்டு. பரப்புகள் ஒன்றன்மேலொன்று கவியும் இடமே விடை. இனங்கள் கூடக்கூட அவ்விடம் சுருங்கும்; விடை கூர்மையாகும். பிறிதொரு விதியும் கருதத்தக்கது: இலையுண்ணும் வண்டுகளை இக்கணிப்பிற் சேர்ப்பதில்லை. தனக்குரிய செடி வந்துசேரும் வரை அது காத்திருக்க வேண்டுமாதலால், அதன் சாட்சியம் செடியின் சாட்சியமேயன்றிக் காலநிலையின் சாட்சியமாகாது. பிற பூச்சிகளைப் பிடித்துண்பனவும் பிணமும் சாணமும் உண்பனவுமே இதற்கு ஏற்றவை. அரிசி மூட்டையில் வாழும் வண்டினமும் இவ்வகையில் நம்பத்தக்கதன்று. இங்கிலாந்தின் யோர்க் நகரில் உரோமர் காலத்துப் பண்டகசாலைகளின் எச்சத்திலே தானிய வண்டுகள் திரளாய்க் கிடைத்தன. அவை உரோமரின் வாணிபத்தைக் கூறுமேயன்றி யோர்க்கின் வெயிலைக் கூறமாட்டா.

இத்தகைய தகவல்களைத் திரட்டும் பூச்சித் தரவுத்தளமொன்று 'பக்ஸ்' என்னும் பெயரால் இங்கிலாந்திலே தொடங்கி 1992 அளவில் அறிமுகமாயிற்று. அதனைப் பெரிதும் விரித்து, சுவீடன் நாட்டு ஊமியோ பல்கலைக்கழகத்தில் பிலிப் பக்லண்ட் என்பார் 2007இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்ததே 'பக்ஸ்செப்' என்னும் மென்பொருள். போல் பக்லண்டும் இதன் ஆக்கத்திற் பங்குகொண்டவர். ஆராய்ச்சியாளர் தமது பட்டியலை இதனுட் புகுத்தினால், ஒவ்வோர் இனமும் இன்று எங்கு வாழ்கிறது, எதனை உண்கிறது, முன்னர் எந்தெந்த அகழ்விற் கிடைத்துள்ளது என்பன உடனே வெளிப்படும். நீர்நிலை, காடு, மேய்ச்சல் நிலம், சாணம் என வாழிடங்களின் விகிதத்தையும் அது வரைந்து காட்டும். அதன் ஓர் உறுப்பே மேற்கூறிய வெப்பநிலைக் கணிப்பைச் செய்வது. முன்னர் வரைபடத் தாள்களை ஒன்றன்மேலொன்று வைத்து நாட்கணக்கிற் செய்த வேலையை இது நொடிப்பொழுதில் முடிக்கிறது.

ஆயின் இயந்திரம் எந்தப் பட்டியலுக்கும் ஒரு விடை கூறவே முனையும். அவ்விடையின் மதிப்பு எங்கிருந்து வருகிறது? கூப்பும் அவருக்கு முற்பட்ட எண்ணற்ற சேகரிப்பாளரும், பள்ளி ஆசிரியர், பாதிரிமார், வைத்தியர் முதலானோர், ஐரோப்பாவின் மூலைமுடுக்கெல்லாம் வண்டு பிடித்து, இடமும் திகதியும் எழுதி வைத்தனர். இந்நூற்றைம்பது இருநூறு ஆண்டு உழைப்பே அம்மென்பொருளின் உள்ளீடு. கணினி செய்வது கூட்டலும் ஒப்பீடுமே. வட அமெரிக்காவிற் இம்முறையைக் கையாள விரும்பிய ஸ்கொற் இலியாஸ், ஐரோப்பியத் தரவை அப்படியே எடுத்தாளாமல், அந்நாட்டு வண்டினங்களின் வீச்சுக்களைத் தாமே வகுக்க வேண்டியதாயிற்று.

நமது நிலை யாது? இலங்கையின் பண்டைக் காலநிலைக்குக் கிடைத்த சிறந்த சான்றுகளுள் ஒன்று ஹோட்டன் சமவெளியிலிருந்து வந்தது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அச்சதுப்பின் முற்றா நிலக்கரியை ஆராய்ந்து, பிரேமதிலக, றிஸ்பேர்க் என்னும் இருவரும் ஏறக்குறைய 24,000 ஆண்டு வரலாற்றை 2003இல் வெளியிட்டனர். பனிக்காலத்தின் உச்சத்தில் அங்கு மழை குன்றி வறட்சி நிலவியதென்பதும், பின்னர்ப் பருவமழை வலுப்பெற்றதென்பதும் அதனாற் பெறப்பட்டன. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1993இல், சுகுமார் முதலியோர் நீலகிரி முற்றா நிலக்கரியிலுள்ள காபனின் வகைகளை அளந்து, ஈரக்காலத்துத் தாவரமும் வறட்காலத்துப் புல்லும் மாறிமாறி வந்தமையைக் காட்டினர். இவ்விரு ஆய்வுகளிலும் பேசியவை தாவரங்களே, பூச்சிகள் அல்ல.

எமது கீழ்க்கரைக்கு இவற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. நாவிதன்வெளியின் பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. மாரி மிகுந்தாற் கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்ந்து கல்முனைப் போக்குவரத்துத் தடைப்படுகிறது. பொய்த்தால் வயல் வெடிக்கிறது. மலைநாட்டுச் சதுப்போ தென்மேல் மழையையும் பெறுவது. அதன் சாட்சியத்தைக் கொண்டு இங்குள்ள மாரி பண்டைக் காலத்தில் எத்துணை முறை தவறிற்று எனக் கூறல் தகாது.

வெப்பநிலை மாதத்துக்கு மாதம் சில பாகையே வேறுபடும் நாட்டில், வெப்பமான மாதம், குளிரான மாதம் என்னும் ஐரோப்பிய அச்சுகளாற் பெரும்பயன் விளையாது. இங்கு வரைய வேண்டிய அச்சுகள் ஆண்டு மழையின் அளவும், மழையற்ற மாதங்களின் எண்ணிக்கையுமாம். வறண்ட மணலில் வாழும் வண்டு, குளக்கட்டின் ஈரச்சேற்றில் வாழும் வண்டு, யானைச் சாணத்தை உருட்டும் வண்டு ஆகியவை ஒவ்வொன்றும் எவ்வளவு மழையுள்ள இடங்களில் இன்று வாழ்கின்றன என்பது தெரிந்தாலன்றி அவ்வச்சுகள் வெறுமையே.

அடித்தளம் சிறிது உண்டு. பிரித்தானிய இந்தியாவின் விலங்கினம் பற்றிய நூல்வரிசை இலங்கையையும் உள்ளடக்கியது. அதில் அரோ என்பார் 1931இற் சாண வண்டுகளையும், அன்றூஸ் என்பார் 1929, 1935 ஆகிய ஆண்டுகளில் தரை வண்டுகளையும் விரித்தெழுதினர். இனங்களைப் பெயரிட்டு வேறுபடுத்த அவை இன்றும் உதவும். ஆயினும் இடப்பெயர்களை மழைமானிகளின் பதிவோடு பொருத்திக் காணும் வேலை அந்நூல்களின் நோக்கமன்று.

சேற்றைப் பெறுவதிலும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். மகரந்த ஆய்வுக்கு ஒரு கன சென்ரிமீற்றர் மண் போதும். ஆதலால் ஒடுங்கிய குழாயாற் துளைத்தெடுத்த மண்ணே போதுமானது. வண்டுக்கு ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் பல கிலோகிராம் வேண்டும். அதற்கு வெட்டுமுகம் திறந்த குழி தேவை. குளங்களைத் தூர்வாரும்போதும் பாலத்துக்கு அத்திவாரம் தோண்டும்போதும் கறுத்த சதுப்பு மண் வெளிப்பட்டு, ஓரிரு நாட்களில் மீண்டும் மூடப்படுகிறது. காய்ந்துவிட்டால் அதிலுள்ள சிறகுகள் சுருண்டு நொறுங்கும். ஈரத்தோடு பொலித்தீன் உறையிற் கட்டி, ஆழத்தையும் திகதியையும் எழுதி, குளிர்ந்த இருட்டில் வைத்தாற் பல ஆண்டுகள் இருக்கும்.