முதலாளி காதுக்குப் போகாத சேதி

கறுப்பும் வெள்ளையுமாக நாம் பார்த்துப் பழகிய கால்பந்தில் 20 அறுகோணத் துண்டுகளும் 12 ஐங்கோணத் துண்டுகளும் இருக்கும். அறுகோணத்தை ரெக்சின் ஷீட்டில் இடைவெளியே விடாமல் அடுக்கி வெட்டிவிடலாம். ஐங்கோணம் அப்படி அடங்காது. எப்படி வைத்தாலும் நடுவில் கொஞ்சம் சந்து விழும், அது குப்பைக்குப் போகும்.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள சியால்கோட் நகரில் அந்தக் குப்பையும் காசுதான். கையால் தைத்த கால்பந்துகளுக்கு உலகெங்கும் பேர்போன ஊர் அது. 2014 உலகக் கோப்பையின் 'பிரசூக்கா' பந்துகள் இங்கிருந்தும் போயின. பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் முதல் வீட்டுப் பின்கட்டில் நடக்கும் பட்டறைகள் வரை எல்லாமே அங்கு உண்டு. ஒரு பந்துக்கு ஆகும் செலவில் பெரிய பங்கு ரெக்சினுக்கே போகிறது.

இந்த இடைவெளியைச் சுருக்க வழி இருந்தது. ஐங்கோணங்களை நேருக்கு நேர் ஒட்டாமல், ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சற்றே விலக்கி அடுக்கினால் பரப்பில் 92 சதவீதம் வரை நிரப்பலாம் என்பது குப்பர்பெர்க் என்ற தந்தை-மகன் கணிதவியலர்கள் 1990-ல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து எரிக் வெர்ஹூகன், டேவிட் அட்கின், அமித் கண்டேல்வால், லாகூரைச் சேர்ந்த அசம் சவுத்ரி, ஷமைலா சவுத்ரி ஆகிய பொருளியலாளர்கள் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் செய்வித்த புது டையை (வெட்டும் அச்சை) கொண்டு வெட்டினால், வழக்கமாக 250 ஐங்கோணம் தரும் அதே ஷீட்டில் 272 கிடைத்தது. டையின் விலையோ அற்பம்.

மொத்தச் செலவில் இதனால் மிச்சமாவது சுமார் 1 சதவீதம். 'பூ, இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் அந்தத் தொழிலில் சராசரி லாபமே 8 சதவீதம் அளவில்தான். அதில் ஒன்று கூடினால் எந்த முதலாளிக்குக் கசக்கும்?

2012 மே மாதம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 35 நிறுவனங்களுக்கு அந்த டையை இலவசமாகவே கொடுத்து, செய்தும் காட்டினார்கள். ஆறே மாதத்தில் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால், பயன்படுத்தியவர்களை ஒரு கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் டை மூலையில் கிடந்தது.

காரணத்தைத் தேடிப்போனால் பிரஸ் முன்னால் நிற்கும் கட்டரிடம் வந்து சேர வேண்டியிருக்கிறது. அவர் ஷீட்டை விரிக்கிறார், டையை வைக்கிறார், ஹைட்ராலிக் பிரஸ்ஸை இறக்குகிறார், டையைத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்கிறார். கூலி பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை துண்டு வெட்டினாரோ அத்தனைக்குக் காசு. எவ்வளவு ரெக்சின் வீணானது என்பது அவர் கணக்கிலேயே வராது. பழைய டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார், கை தானாகப் போகும். புது டையைப் பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். பழகும்வரை வேகம் குறையும், கூலியும் குறையும். மிச்சமாகும் ரெக்சினோ முதலாளிக்கு. துண்டுகளில் அச்சடிக்கும் தொழிலாளிக்கும் இதே சங்கடம்தான், புது அடுக்குக்கு ஏற்றபடி அவர் அச்சுத் திரையையும் மாற்ற வேண்டும்.

முதலாளி கேட்கும்போது கட்டர் என்ன சொல்வார்? 'இது சரிப்பட்டு வராதுங்க.' முதலாளி பிரஸ்ஸில் நின்று வெட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பட்டறையில் வெட்டு வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கட்டர் சொல்லித் தெரிந்ததுதான். ஆக, டை வேலை செய்யுமா செய்யாதா என்ற தகவல் மேலே ஏறும் வழியிலேயே திரிந்துவிடுகிறது. கட்டரைக் குறை சொல்லவும் முடியாது. தன் சோற்றில் கைவைக்கும் கருவியை யார் மெச்சுவார்கள்? புது டையை முழுமூச்சாக ஏற்றுக்கொண்ட பெரிய நிறுவனம் ஒன்று தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துவந்தது என்பது இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் 2013-ல் இரண்டாவது சோதனை நடத்தினார்கள். டை பெற்றிருந்த நிறுவனங்களில் பாதியளவை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டர், ஒரு பிரின்டர் என இருவருக்கு ஏறக்குறைய ஒரு மாத வருமானத்தை மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனைதான்: முதலாளியின் கண்முன்னே புது முறையில் ஒழுங்காகச் செய்துகாட்ட வேண்டும். அதற்குப் பிறகு அந்த நிறுவனங்களில் சிலவற்றில் டை மூலையைவிட்டு வெளியே வரத் தொடங்கியது. 2017-ல் வெளியான இந்த ஆய்வு பொருளியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது.

தகவல் தடையில்லாமல் ஓடிய இடமும் உண்டு. வடகேரளத்து மத்தி மீன்பிடியைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். 1997 ஜனவரி 14 காலை வடகரைக் கரையில் பதினோரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளிலோ 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் காத்திருந்தார்கள். செல்போன் வந்ததும் நடுக்கடலிலிருந்தே விலை விசாரித்துப் படகைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் ஏறியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது, மீனைக் கடலில் கொட்டுவது ஏறக்குறைய நின்றேபோனது. அங்கே போன் பிடித்தவரும் பலன் அடைந்தவரும் ஒரே ஆள். சியால்கோட்டில் டை பிடித்தவர் ஒருவர், பலன் அடைபவர் இன்னொருவர்.

திருப்பூரிலும் சிவகாசியிலும் ஆம்பூரிலும் பீஸ் ரேட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். புது இயந்திரம் இறங்குகிற அன்றே, பழகும் இரண்டு மாதத்துக்குக் கூலி பழைய சராசரிக்குக் கீழே போகாது என்று தொழிலாளியிடம் சொல்லுங்கள், அதை எழுதியும் கொடுங்கள். அதன் பிறகு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று அவரிடமே கேளுங்கள்.