சீக்கிய வீட்டில் பிறந்தவர் மார்மன் ஆனால்... டீ முதல் சொத்து வரை என்னென்ன மாறும்?

அசோக் நகரில் வாடகை வீட்டில் தங்கி ஐ.டி. கம்பெனிக்குப் போய்வரும் ஒரு பஞ்சாபி இளைஞர், ஊருக்கு போன் போட்டு, ‘நான் மார்மன் சபையில் ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். மறுமுனையில் அம்மா கேட்கும் முதல் கேள்வி கடவுளைப் பற்றி இருக்காது. ‘அப்போ முடியை வெட்டிடுவியா?’ என்பதாகத்தான் இருக்கும்.

மதம் மாறுவது மனசு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் அதன் விளைவுகள் சாப்பாட்டு மேஜையில் தொடங்கி சொத்துப் பத்திரம் வரை நீள்கின்றன. முடிவெடுக்கும் முன் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு முன் யாராவது மாறியிருக்கிறார்களா?

மாறியிருக்கிறார்கள். குருசரண் சிங் கில் என்பவரைத்தான் மார்மன் சபையில் சேர்ந்த முதல் சீக்கியராகக் குறிப்பிடுகிறார்கள். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன அவர், 1956-ல் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் அந்தச் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1993-ல் சபை பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து இந்தியாவுக்கென ஒரு மிஷனைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக வந்தவரும் அவர்தான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதைவிடப் பழக்கமான பெயர் சாது சுந்தர் சிங். அவர் மார்மன் அல்ல. ஆனால் சீக்கிய வீட்டிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். லூதியானா பக்கம் ராம்பூரில் 1889-ல் பிறந்தார். 1905-ல், தன் 16-வது பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் எடுத்தார். முடியை வெட்டியதும் குடும்பம் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றியது என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1918-ல் தென்னிந்தியாவுக்கும் வந்தார். காவி உடையில் இயேசுவைப் பற்றிப் பேசிய அவரைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

மார்மன் என்றால் யார்?

1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. அதிகாரப்பூர்வப் பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ‘மார்மன்’ என்ற பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி 2018 முதல் சபையே கேட்டுக்கொள்கிறது. உலகம் முழுக்க 1.7 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள் இருப்பதாக அது கணக்குச் சொல்கிறது. பைபிளோடு சேர்த்து மார்மன் புஸ்தகத்தையும் வேதமாக ஏற்பதால், கத்தோலிக்கம் உள்ளிட்ட பல பெரிய சபைகள் இவர்களின் ஞானஸ்நானத்தை அங்கீகரிப்பதில்லை.

சென்னைக்கு இவர்கள் புதியவர்களும் அல்ல. 1853-லேயே ரிச்சர்ட் பேலன்டைன் என்ற மிஷனரி மெட்ராஸில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு இங்கிருந்தே ஒரு மாத இதழும் நடத்தினார். ஆனால் அந்த முயற்சி ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. மார்மன் புஸ்தகத்தின் சில பகுதிகள் தமிழில் அச்சானது 1982-ல்தான்.

முடியை வெட்டணுமா?

சாதாரண உறுப்பினராகச் சேர முடியையோ தாடியையோ எடுக்கச் சொல்லி சபை விதி எதுவும் இல்லை. ஆனால் முழுநேர மிஷனரியாகப் போகும் ஆண்கள் முடியைக் குட்டையாக வெட்டி, முகத்தை மழித்திருக்க வேண்டும். 2 வருட மிஷனரி சேவை இளைஞர்களிடம் எதிர்பார்க்கப்படும் கடமை. அதனால் அம்மாவின் கேள்வி இன்று இல்லாவிட்டாலும் நாளை வந்து நிற்கும்.

சீக்கியர்களுக்கு முடி என்பது வெறும் ஸ்டைல் அல்ல. கேஷ் எனப்படும் வெட்டாத முடி, அமிர்தம் எடுத்தவர்கள் அணியும் ஐந்து அடையாளங்களில் ஒன்று. அமிர்தம் எடுத்தவர் முடியை வெட்டினால் அது பெரிய விதிமீறல்.

வேறு என்ன ஒத்துப்போகும், எது ஒத்துப்போகாது?

ஆச்சரியமாக, ஒத்துப்போகும் விஷயங்கள் நிறைய. புகையிலை இரண்டிலும் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது சீக்கியத்தில் தஸ்வந்த், இங்கே தசமபாகம். இரண்டிலும் பரம்பரைப் பூசாரிகள் இல்லை. மார்மன் சபையில் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் சம்பளம் வாங்காமல், தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே சபையையும் நடத்துகிறார்கள்.

இடிக்கும் இடம் சமையலறை. மார்மன்கள் மதுவோடு டீ, காபியையும் தொடுவதில்லை. விருந்தாளி வந்தால் முதலில் டீ வைக்கும் பஞ்சாபி வீட்டிலும் சரி, ஃபில்டர் காபி மணக்கும் அசோக் நகர் வீட்டிலும் சரி, ‘எனக்கு வேண்டாம்’ என்று தினமும் சொல்வது லேசான காரியமல்ல.

அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. சீக்கியர்களுக்கு 1708-க்குப் பிறகு மனித குரு கிடையாது. குரு கிரந்த் சாகிப்தான் நிரந்தர குரு. மார்மன்களோ தங்கள் தலைவரை இன்றும் வாழும் தீர்க்கதரிசியாக நம்புகிறார்கள்.

இரண்டிலும் இருக்க முடியாதா?

முடியாது. சீக்கிய நடத்தை விதித் தொகுப்பான ரஹித் மரியாதா, வேறு எந்த மதத்துக்கும் கட்டுப்படாதவரே சீக்கியர் என்று வரையறுக்கிறது. மார்மன் ஞானஸ்நானமும் முழு உடன்படிக்கை. திருமணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் வேண்டும், மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சபையே நிபந்தனை வைத்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு ரத்து செய்யப்பட்டுவிட்டது. உத்தரப் பிரதேசம் மாதிரி, 60 நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்கும் கட்டாயம் இங்கே இல்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

திருமணம்: இந்து திருமணச் சட்டம் சீக்கியர்களுக்கும் பொருந்தும். ஒருவர் வேறு மதத்துக்கு மாறினால், அதையே காரணமாகக் காட்டி மற்றவர் விவாகரத்து கேட்கலாம்.

சொத்து: மாறியவரின் வாரிசு உரிமை போய்விடாது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, மதம் மாறிய பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பக்கத்து உறவினர் சொத்தில் வாரிசு உரிமை கிடைக்காது. உயில் எழுதி வைத்தால் அது வேறு கதை. தாத்தாவின் நிலம் பேரனுக்குப் போகுமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பலரும் இதை வழக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இட ஒதுக்கீடு: பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கிய, பவுத்த மதத்தினருக்கு மட்டுமே. சீக்கியர்கள் 1956-லும் பவுத்தர்கள் 1990-லும் முழுமையாகச் சேர்க்கப்பட்டார்கள். எனவே பட்டியல் சாதி சீக்கியர் மார்மன் ஆனால் அந்தச் சலுகை போய்விடும். உள்ளுக்குள் ஒரு மதம், சான்றிதழில் இன்னொரு மதம் என்று சமாளிப்பதும் செல்லாது. ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவராக வாழ்ந்தபடி பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்போ குருத்வாரா கதவு மூடிவிடுமா?

மூடாது. தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் இருக்கும் குருத்வாராவில், வேறு எந்த குருத்வாராவையும் போலவே, தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். தரையில் உட்கார்ந்து லங்கர் சாப்பிடலாம். யாரும் மதம் கேட்க மாட்டார்கள்.

சட்டக் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசினால் பதில் கிடைத்துவிடும். அம்மாவின் கேள்விக்கு போனில் பதில் சொல்ல முடியாது. ஞானஸ்நானத் தேதியைக் குறிப்பதற்கு முன், ஊருக்கு ஒரு டிக்கெட் போடுவது நல்லது.