புட்டி உடைந்த காலம்

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தில், காயம் ஆற்றும் மந்திர மருந்து ஒன்று உண்டு. 1979-ஆம் ஆண்டு வழிகாட்டி நூலின்படி, ஒரு புட்டியைக் குடித்தால் 4 முதல் 10 உயிர்ப்புள்ளிகள் வரை திரும்பக் கிடைக்கும். 2014 விதிநூலிலும் அதே கணக்குதான். மருந்தின் வீரியம் அப்படியே இருக்க, புட்டியின் ஆயுள் மட்டும் கூடியிருக்கிறது.

1979 விதிகளின்படி, எதிரி மந்திரவாதி ஃபயர்பால் என்னும் தீயுருண்டையை வீசினால், வீரன் முதலில் தனக்காக 20 முகப் பகடையை உருட்டுவான். தேறினால் உடைமைகளும் தப்பின. தவறினால், ஆட்டத்தை நடத்துபவர் அட்டவணையைத் திறப்பார். கண்ணாடி, தோல், காகிதம், உலோகம் என்று பொருளுக்கொரு வரிசை; நெருப்பு, அமிலம், மின்னல், கீழே விழுதல் என்று தாக்குதலுக்கொரு கட்டம். புட்டிக்கும் மந்திரச் சுருளுக்கும் தனித்தனியே பகடை உருளும்வரை சண்டை காத்திருக்கும். “மருந்தை இடுப்பில் கட்டியிருந்தாயா, மூட்டைக்குள் வைத்திருந்தாயா?” என்ற கேள்வி வரும். விவரமானவர்கள் புட்டிகளைத் துணியில் சுற்றி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சுமந்தார்கள்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த ஆபத்து சுருங்கியது. தனக்கான பகடையில் 1 விழுந்தால்தான் உடைமைக்குச் சேதம். அதுவும் ஒரே ஒரு பொருளுக்கு. கேடயமும் கவசமும் முன்னால் நிற்க, பைக்குள் கிடக்கும் மருந்துக்கு முறை வருவது அரிது. 2014 விதிநூல் வருவதற்குள் அதுவும் போயிற்று. அந்நூலில் தீயுருண்டை, யாரும் அணியாத, சுமக்காத பொருள்களை மட்டுமே பற்றவைக்கும்.

ஆட்டத்துக்கு இதனால் வேகம் கிடைத்தது. பல வாரங்கள் ஆடிச் சேர்த்தது ஒரே பகடையில் சாம்பலாவதில்லை. ஆனால் புட்டி எங்கே இருக்கிறது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அது ஆட்டக்காரரின் தாளில் ஓர் எண், அவ்வளவுதான். அன்று உடைந்துவிடுமோ என்ற பயமே பலரை நேரத்தோடு குடிக்கவைத்தது. இன்று இன்னும் பெரிய ஆபத்து வரும் என்று பொத்திவைத்த மருந்து, கதை முடியும்போதும் மிச்சமிருக்கிறது. குடிப்பதையாவது எளிதாக்கலாம் என்பதுபோல, ஒரு முறைக்குரிய முக்கியச் செயலைச் செலவிடாமலே அருந்த 2024 பதிப்பு இடம் தந்துவிட்டது.

பழைய ஆபத்துகளில் ஒன்று இன்னும் நூலில் இருக்கிறது. இரண்டு மருந்துகளைக் கலந்தால் நூறில் ஒரு வாய்ப்பு வெடிப்புக்கு. இன்னொரு வாய்ப்பு, ஒரு மருந்தின் பலன் நிரந்தரமாவதற்கு. 1979-இல் இருந்த அந்த அட்டவணை, 2014-இல் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விதியாகத் தொடர்ந்தது. அதே நூல் பெரும்பாலான மந்திரப் பொருள்களுக்குச் சேதம் தாங்கும் வலிமையைக் கொடுத்தபோது, மருந்தையும் சுருளையும் மட்டும் விலக்கி வைத்தது. ஆக, விதிப்படி புட்டி இன்றும் உடையக்கூடியதே. அதற்காகப் பகடையை எடுப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.