பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஒரு தாள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். ஆயினும் நோயைக் கூடவே வைத்துக்கொண்டு நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. ஆஸ்துமா அத்தகைய நோய்களுள் ஒன்று. எங்கள் சாலவாக்கம் பக்கத்தில் இதனை ‘இழுப்பு’ என்பார்கள். இப்போது ‘வீசிங்’ என்ற சொல்லும் வழக்கில் வந்துவிட்டது. கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ள பகுதி எங்களுடையது. லாரிகள் கிளப்பும் புழுதியும், மார்கழிப் பனியும், போகிப் புகையும் இழுப்பு உள்ள பிள்ளைக்குப் பகை. இப்பிள்ளைகளைக் காப்பதில் மருத்துவமனையும் பள்ளியும் எவ்வாறு கைகோக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டு செல்லும் சிறு குழல்களின் உட்சுவர் அழற்சியுற்றுத் தடித்திருப்பதே ஆஸ்துமாவின் அடிப்படை. தூசு, புகை, சளிக்காய்ச்சல், கடும் ஓட்டம் இவற்றுள் ஏதேனும் ஒன்று தூண்டும்போது குழலைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. சளியும் மிகுதியாகச் சுரக்கிறது. குழல் குறுகிவிடுவதால் உள்ளே சென்ற காற்று எளிதில் வெளிவருவதில்லை. அப்போது எழும் சீழ்க்கை ஒலியைத்தான் நாம் இழுப்பு என்கிறோம்.

இதற்கு இருவகை மருந்துகள் உண்டு. சால்பூட்டமால் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். இது ஆபத்துக்கு உதவுவது. புடசனைடு போன்றவை நாள்தோறும் உறிஞ்சப்பட்டு அழற்சியை மெல்லத் தணிக்கும். இவை வருமுன் காப்பவை. இரண்டையும் இன்ஹேலர் வழியே தருவதே சிறந்தது. ‘பம்பு பழகிவிட்டால் விடாது’ என்று அஞ்சுவோர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சால்பூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தைச் சிரப்பாக 5 மில்லி குடித்தால் உடலுக்குள் செல்வது 2,000 மைக்ரோகிராம். இருபது மடங்கு! நாம் அஞ்ச வேண்டியது எதற்கு?

இந்த அச்சத்தின் விலை பெரிது. 2019-ஆம் ஆண்டு உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியர். ஆனால் ஆஸ்துமாவால் இறந்தோரில் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் இந்தியர்.

நான் கண்டது

என் தங்கைக்கு இழுப்பு உண்டு. மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஆனால் அது வீட்டுப் பீரோவை விட்டு வெளியே போனதில்லை. “பொம்பளப் புள்ள, நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?” என்பார் எங்கள் ஆயா. ஒருநாள் பள்ளி மைதானத்தில் ஓடும்போது அவளுக்கு மூச்சு முட்டியது. ஆசிரியர்கள் அன்போடு வெந்நீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள். வேறென்ன செய்வார்கள்? அவர்களிடம் நாங்கள் ஒரு சொல்லும் சொல்லி வைக்கவில்லையே! செய்தி கேட்டு அம்மா மருந்தோடு ஓடிச் சேர்வதற்குள் அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள்.

மருத்துவருக்கு மருந்து தெரியும். ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமற் போனதே அன்றைய ஆபத்திற்குக் காரணம்.

நம்மிடம் இருப்பவை

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1909-இலேயே பரோடாவில் அது தொடங்கிவிட்டது. 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி இரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. அக்குழு தேட வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் இழுப்பு நோயும் உண்டு.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். இழுப்பு வந்து போகும் நோய். குழு வரும் நாளில் பிள்ளையின் நெஞ்சில் ஒலியே இல்லாமல் இருக்கலாம். ஓடினால் இருமுபவர் யார், பனிக்காலத்தில் அடிக்கடி விடுப்பு எடுப்பவர் யார் என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். அவர் அதைக் குறித்து வைத்துச் சொன்னால்தான் மருத்துவர் நோயைக் கண்டறிய முடியும்.

மருந்து கொடுப்பதும் நம் பள்ளிகளுக்குப் பழக்கமானதே. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் ஆசிரியர் கைகளால் வழங்கப்படுகின்றன. 2020-இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. ஆக, ஆட்களும் இருக்கிறார்கள், வழியும் இருக்கிறது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 2014 அக்டோபர் முதல், அவசரத் தேவைக்கெனச் சால்பூட்டமால் இன்ஹேலரை மருத்துவர் சீட்டின்றியே பள்ளிகள் வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆஸ்திரேலியாவில் ‘நான்கு, நான்கு, நான்கு’ என்றொரு முதலுதவி முறையைக் கற்பிக்கிறார்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, ‘ஸ்பேசர்’ என்னும் காற்றுக்குடுவை வழியே ஒவ்வொன்றாக 4 முறை மருந்து. ஒவ்வொரு முறையும் 4 மூச்சு. பிறகு 4 நிமிடம் காத்திருத்தல். குறையாவிட்டால் மீண்டும் ஒருமுறை. அதற்கும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ். காற்றுக்குடுவை வாங்க வசதியில்லையா? 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் பொருந்துமாறு துளையிட்டுப் பயன்படுத்தினாலும் குழந்தைகளுக்கு அதே பலன் கிடைக்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் காட்டினர்.

நாம் செய்யத்தக்கது

வேண்டுவது ஒரே ஒரு தாள். பிள்ளையின் பெயர், வகுப்பு, எது தூண்டுகிறது, விளையாட்டுக்கு முன் மருந்து தேவையா, இழுப்பு வந்தால் எத்தனை முறை அழுத்துவது, யாருக்குத் தொலைபேசி செய்வது. இவற்றை மருத்துவர் தமிழில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெற்றோர் அதை இன்ஹேலரோடு பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். மருந்து பூட்டிய அலமாரியில் இராமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ காத்திராமல் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை மருந்தைத் தொடர வேண்டும்.

இவ்வாண்டு ஜூனில் என் தங்கையின் தாளை நானே மருத்துவரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, “இன்னும் இரண்டு பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள் தம்பி, அவர்களுக்கும் வாங்க முடியுமா?” என்று கேட்டார்.

தோழர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். மருத்துவர் எழுதியதைப் படித்துப் பெற்றோருக்குச் சொல்லவும், பெற்றோர் மறைப்பதை ஆசிரியருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும் நம்மால் இயலும். உங்கள் தெருவில் இழுப்போடு பள்ளிக்குப் போகும் பிள்ளை எது என்று இன்று மாலையே விசாரியுங்கள். கல்வி கற்றதன் பயன் அங்கே தொடங்கட்டும்!