டேபிள் இருக்குதா, இல்லையா?

சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், சந்தா வரவு, பொங்கல் விழாவுக்கு வருகிறவர்கள் கணக்கு எல்லாம் நோட்டுப் புத்தகத்தை விட்டு இணையச் செயலிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் நம் பிள்ளைகளில் யாராவது ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதித் தந்ததாக இருக்கும். அந்த விவரங்கள் தரவுத்தளத்தில் அட்டவணைகளாக, தொழில் பேச்சில் ‘டேபிள்’களாக, இருக்கின்றன. செயலியைப் புதிய சர்வரில் ஏற்றினால் அது முதலில் கேட்பது, ‘உறுப்பினர் டேபிள் இருக்குதா?’ என்றுதான். இல்லை என்று பதில் வந்தால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பார்க்க ஒற்றை வரி வேலை. ஆனால் தரவுத்தளம் சொல்லும் ‘இல்லை’யை அப்படியே நம்பலாமா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கிருந்து வருகிறது? அட்டவணை வடிவத் தரவுத்தளத்தை 1970-இல் முன்வைத்த எட்கர் காட், 1985-இல் அதற்குச் சில விதிகள் எழுதினார். தரவுத்தளத்தில் என்னென்ன இருக்கிறது என்ற விவரத்தையும் அட்டவணையாகவே வைக்க வேண்டும், அனுமதி உள்ளவர் அதே மொழியில் அதையும் கேட்டறிய வேண்டும் என்பது அவற்றில் நான்காவது. அதாவது அட்டவணைகளைப் பற்றி ஓர் அட்டவணை. 1992-இல் வந்த எஸ்.க்யூ.எல். தரநிலை இதற்கு ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ என்று பெயர் வைத்தது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் அது உண்டு. ஆரக்கிள் தன் வழியில் போகிறது.

‘அனுமதி உள்ளவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா, கேட்கிறவருக்கு உரிமை உள்ள டேபிள்களை மட்டுமே காட்டும். ஆரக்கிளில் இது இன்னும் வெளிப்படை: என்னுடையவை, நான் பார்க்கக்கூடியவை, மொத்தமும் என்று மூன்று தனிப் பட்டியல்கள். ஒரே கேள்விக்கு மூன்று பதில். வாசலில் வந்தவரிடம் ‘அவர் வீட்ல இல்லீங்க’ என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி ‘இல்லை’யும் இதில் உண்டு!

உரிமை சரியாக இருந்தாலும் பெயர் காலை வாரிவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லையே கிடையாது, ஆங்கிலத்தில் உண்டு. மைஎஸ்க்யூஎல் விண்டோஸ் கணினியில் டேபிள் பெயரைச் சின்ன எழுத்தாக மாற்றி வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும். லினக்ஸில் வழக்கமாக இரண்டும் வேறு வேறு. ஒரு குடியிருப்போர் சங்கத்தில் இதன் விளைவைப் பார்த்தேன். செயலியை எழுதிய பையன் விண்டோஸில் ‘மெம்பர்ஸ்’ என்பதை முதலெழுத்து பெரியதாக எழுதியிருந்தான். லினக்ஸ் சர்வருக்கு மாற்றியதும் செயலி அந்தப் பெயரில் தேடியது, காணோம். உடனே காலியாக ஒன்றை உருவாக்கிவிட்டது. பழைய பட்டியல் சின்ன எழுத்துப் பெயரில் பத்திரமாகப் பக்கத்திலேயே இருக்கிறது. திரையில் மட்டும் உறுப்பினர் ஒருத்தர்கூட இல்லை. ‘எல்லாம் அழிஞ்சு போச்சு’ என்று நினைத்தவர்கள் மறுபடி பதிவு செய்யத் தொடங்கினார்கள். உறுப்பினர் எண் 1 இரண்டு குடும்பங்களுக்கு. எண்ணை வைத்துத்தான் சந்தா வரவு எழுதப்படுகிறது என்பதால், யார் கட்டிய பணம் யார் பெயரில் ஏறியது என்று ரசீதுகளை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டியதாயிற்று.

‘இருந்தால் விட்டுவிடு, இல்லாவிட்டால் உருவாக்கு’ என்று ஒரே கட்டளையாகச் சொல்லும் வசதி உண்டு. போஸ்ட்கிரெஸில் 2011-இல் வந்தது. தனியாகக் கேட்டுவிட்டுப் பிறகு உருவாக்கினால், அந்த நொடி இடைவெளியில் இன்னொருவர் வழியாக அதே டேபிள் உருவாகியிருக்கலாம். அந்த மோதலை இது பெரும்பாலும் தவிர்க்கும். ஆனால் இதுவும் பெயரை மட்டுமே பார்க்கும். கைப்பேசி எண் என்ற பத்தியே இல்லாத பழைய டேபிள் அதே பெயரில் இருந்தாலும், ‘இருக்கு, சரி’ என்று போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், எந்தெந்த மாற்றம் செய்து முடிந்தது என்பதை எழுத ஒரு சிறிய டேபிளைத் தனியாக வைக்கிறார்கள். ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகள் அதைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் வேறொன்று. செயலியை நிறுவுவதற்கு ஒரு பயனர் பெயர், அன்றாட ஓட்டத்துக்கு வேறொன்று என்று பிரித்துவிட வேண்டும். அன்றாடப் பெயருக்குப் படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமை, டேபிள் உருவாக்க உரிமை கிடையாது. அப்போது தவறான ‘இல்லை’ வந்தாலும் செயலியால் காலி டேபிள் போட முடியாது. பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். செயலாளருக்கு நாலு பேர் போன் போட்டுத் திட்டுவார்கள். திட்டட்டும். பெயரைத் திருத்தினால் பழைய பட்டியல் அப்படியே திரையில் வந்துவிடும்.